கடலைப் பற்றி எழுதினால் கடலுக்கு என்ன லாபம்? இராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி என்று இந்தக் கரையோரத்தில் இயற்கை பற்றி எழுத ஆசைப்படும் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் சந்திக்கும்போதெல்லாம் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. என் பதில்களோடு நீங்கள் ஒத்துப்போக வேண்டியதில்லை, ஆனால் படித்துவிட்டு ஒருமுறை கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள்.

எழுத்தால் இதுவரை எதாவது உண்மையிலேயே காப்பாற்றப்பட்டிருக்கிறதா?

காப்பாற்றப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த பெயர் அமெரிக்காவின் ரேச்சல் கார்சன். விலங்கியல் படித்தவர், அரசின் மீன்வளப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே கடலைப் பற்றி எழுதி வாசகர்களைச் சேர்த்தவர். 1958இல் ஒரு தோழி அவருக்குக் கடிதம் எழுதினார்: கொசுவை ஒழிக்க விமானத்திலிருந்து டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்த பிறகு வீட்டைச் சுற்றிப் பறவைகள் செத்துக் கிடக்கின்றன என்று. கார்சன் அந்தக் கடிதத்தைப் படித்து வருத்தப்பட்டதோடு நிற்கவில்லை. பூச்சிக்கொல்லி பற்றிய ஆய்வுகளையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்து, 1962இல் 'மௌன வசந்தம்' என்ற நூலைக் கொண்டுவந்தார். ரசாயன நிறுவனங்கள் அவர்மேல் பாய்ந்தன. அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு 1963இல் அவர் எழுப்பிய கவலை நியாயமானது என்றது. 1964இல் கார்சன் புற்றுநோயோடு போராடி இறந்துபோனார், அமெரிக்காவில் டிடிடிக்குத் தடை வந்தது 1972இல்தான்.

நமக்குப் பக்கத்திலேயே வேண்டுமென்றால் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. குந்திப்புழை ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கப் போகிறோம் என்றபோது மலையாளக் கவிஞர் சுகதகுமாரி மரத்தைப் போற்றிக் கவிதை எழுதினார், இன்னும் பல எழுத்தாளர்கள் அவரோடு சேர்ந்தார்கள். அதே நேரத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு அந்தத் திட்டத்தின் மின்சாரக் கணக்கையும் பொருளாதாரக் கணக்கையும் அலசி மக்கள் முன்னால் வைத்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கவிதையும் கணக்கும் ஒரே பக்கம் நின்றதால்தான் அது நடந்தது என்று நான் நம்புகிறேன்.

இராமநாதபுரம் வறண்ட ஜில்லா ஆயிற்றே. இங்கே எழுத என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர்கள் கேட்டால் பரவாயில்லை, நம் பிள்ளைகளே கேட்கும்போதுதான் மனசு வலிக்கிறது. பாம்பன் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். வடகடலான பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, சேறும் கடற்புல்லும் நிறைந்தது. தென்கடலான மன்னார் வளைகுடாவில் பாறையும் பவளமும். அங்கே பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், அவற்றை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் வளைகுடாவின் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. பவளத்தில் மட்டும் நூறு வகைக்கு மேல் இருக்கின்றன.

இது கடல் மட்டும். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கால், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர் எல்லாம் பறவைகளால் வெளுத்துப்போகும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் நாட்டுக் கருவேல மரத்தில் கூடு கட்டுவதைக் கண்மாய்க் கரையில் நின்றே பார்க்கலாம். இவற்றில் நான்கு கண்மாய்கள் இன்று ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கானது. காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது. வறட்சி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இத்தனையும் தெரியாமலே போகிறது. தெரியாத ஒன்று அழிந்தால் யாருக்கும் உறைக்காது, அதனால்தான் இந்த மாவட்டத்துக்கு எழுதுகிறவர்கள் வேண்டும் என்கிறேன்.

நான் அறிவியல் படிக்கவில்லை. எழுதலாமா?

தாராளமாக. மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை கல்கத்தாவிலிருந்து வந்த ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கைப் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். எந்த ஆய்வு நிறுவனத்திலும் சம்பளம் வாங்கியவர் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார், பார்த்ததைத் துல்லியமாக எழுதினார். உங்களுக்குத் தேவை அந்தப் பழக்கம்தான். சந்தேகம் வந்தால் கேட்க மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. 1947இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்துக்கு, 1971இல் தலைமையகம் கொச்சிக்கு மாறும்வரை பல வருஷம் தலைமை இடமே மண்டபம்தான். அங்கே போய்க் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

எதிலிருந்து தொடங்குவது? பெரிய விஷயமாக எடுக்க வேண்டுமா?

வேண்டாம். 'கடல் மாசு' என்று தலைப்பு வைத்து எழுதிய கட்டுரைகள் நிறையப் படித்துவிட்டேன், அவற்றில் ஒன்றில்கூட நம் கடல் இல்லை. கையால் தொடக்கூடிய ஒன்றை எடுங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் உப்புக் கடல். நடுவில் மணல். அந்த மணலில் சில அடி தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறி வரும். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு ஊர் இருந்த இடம் பாழாகிவிட்டாலும், அங்கே தங்கித் தொழில் செய்யும் மீனவக் குடும்பங்கள் இந்த ஊற்றைத்தான் நம்பி இருந்தார்கள். ஊற்றோரம் ஒரு அம்மா உட்கார்ந்து கொட்டாங்கச்சியாலோ சின்னக் கிண்ணத்தாலோ தண்ணீரை மேலாக மொண்டு குடத்தில் ஊற்றுவார், அடியைக் கலக்கமாட்டார், குழி மறுபடி நிறையும்வரை பொறுத்திருந்து மொள்வார். அவர் செய்வதில் பெரிய விஷயம் இருக்கிறது. மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது, அதனால் மணலுக்கடியில் உப்பு நீருக்கு மேலே ஒரு மெல்லிய அடுக்காக மிதந்துகொண்டு நிற்கிறது. மேலாக மொண்டால் நல்ல தண்ணீர். மோட்டார் வைத்து வேகமாக இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். அந்த மணல் மேடு காற்றில் பறந்துபோகாமல் பிடித்து வைத்திருப்பவை அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். கொடியைப் பிடுங்கினால் மேடு கரையும், மேடு கரைந்தால் மழையைப் பிடித்து வைக்க இடம் இல்லை.

சரி, இதை ஒருவர் நன்றாக எழுதிவிட்டார் என்று வையுங்கள். படித்தவர் அடுத்த முறை அந்த மணலில் ஜீப்பை ஓட்டும்போது சக்கரத்துக்கடியில் நசுங்கும் கொடியைக் கவனிப்பார். கடலோரத்தில் ஒரு விடுதி ஆழ்துளைக் கிணறு போடுகிறது என்று கேள்விப்பட்டால் அவருக்கு வயிறு கலங்கும். சட்டம் எதுவும் மாறவில்லை, ஆனால் அந்த மனிதர் மாறிவிட்டார்.

அழகை எழுதினால் போதாதா? அழிவையும் எழுதினால் படிப்பவர் சோர்ந்துபோவாரே?

இரண்டும் வேண்டும், ஆனால் அழிவை எழுதும்போது எப்படி நடந்தது என்பதைக் காட்ட வேண்டும். 21 தீவுகள் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவற்றில் கீழக்கரைப் பக்கம் இருந்த பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கம் இருந்த விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. கடல் மட்டம் ஏறியதுதான் காரணம் என்று சுலபமாகச் சொல்லலாம். ஆனால் முக்கியமான காரணம் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஏற்றிக்கொண்டு போனது. தீவுக்கு முன்னால் அலையை உடைக்கப் பாறை இல்லாமல் போனதும் அலை நேராக மணலில் அடித்தது. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முழுப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணைக்கு வந்தது, 2004 சுனாமிக்குப் பிறகு வெட்டுவதும் ஓய்ந்தது. இப்போது தூத்துக்குடிப் பக்கம் வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் போட்டு, கரைந்த தீவை மீட்க முயல்கிறார்கள்.

காரணம் தெரிந்தால் சோர்வு வராது, கோபமோ யோசனையோ வரும். 'எல்லாம் போச்சு' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்.

மீனவர்கள்தான் கடலை அழிக்கிறார்கள் என்று நிறையப் பேர் எழுதுகிறார்களே?

எனக்கு ரொம்ப நாளாக ஆற்றாமை இருக்கிற இடம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்தக் கரையின் பாதுகாப்பு பற்றி எழுதிய பல கட்டுரைகளில் கடல் இருக்கும், பவளம் இருக்கும், கடல்பசு இருக்கும், கடலில் இறங்கிப் பிழைக்கும் மனுஷர் மட்டும் இருக்கமாட்டார். இருந்தால் திருடனாக இருப்பார். அப்படி எழுதப்பட்ட எழுத்தைக் கரையில் யாரும் தங்களுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். சின்னப்பாலத்திலும் இன்னும் பல கரையோர ஊர்களிலும் விடிந்தும் விடியாமலும் வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கம் போகிறார்கள். சேலைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் துணி சுற்றி ரப்பர் உறையால் இறுக்கியிருப்பார்கள், இடுப்பில் வலைப் பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி முங்குவார்கள். அகார் என்ற கூழ்ப்பொருள் செய்யக் கம்பெனிக்குப் போகிறது அந்தப் பாசி. தீவுகள் தேசியப் பூங்கா ஆனபோது இவர்கள் பரம்பரையாகத் தொழில் செய்த இடமே தடை செய்யப்பட்ட இடமாகிவிட்டது. வனத்துறைக்கும் இவர்களுக்கும் பல வருஷங்கள் இழுபறி. அப்புறம் இந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும்தான் பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்பைப் பயன்படுத்துவதில்லை, பாசி மறுபடி வளர விடுவது என்று முடிவெடுத்தார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அவர்களுக்கு 2015இல் சீகாலஜி என்ற தீவுப் பாதுகாப்பு அமைப்பின் சர்வதேச விருது கிடைத்தது இதற்காகத்தான். பூங்காவைப் பற்றி எழுதும்போது இந்த முடிவைவிடப் பெரிய செய்தி என்ன இருக்கிறது?

கடல் அட்டையும் அப்படித்தான். அது கடலடிச் சேற்றைத் தின்று, அதிலிருக்கும் கழிவை எடுத்துக்கொண்டு சுத்தமான மணலை வெளியே விடும் உயிர். 2001இல் அதைப் பிடிப்பதும் விற்பதும் தடையானது. தடைக்குக் காரணம் இருந்தது, அளவில்லாமல் அள்ளி ஏற்றுமதி செய்தார்கள். ஆனால் ஒரே நாளில் தொழில் போன குடும்பங்களும் இருந்தன. கடத்தல் இன்றும் நடக்கிறது, பிடிபடுவதும் செய்தியாக வருகிறது. எழுதுகிறவர் இந்த இரண்டு பக்கத்தையும் எழுதாவிட்டால் அது பாதி எழுத்து.

அதற்காக எல்லாத் தொழிலும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. இழுவைமடி போட்டு அடித்தரையை வாரிக்கொண்டு போகும் விசைப்படகையும் நாட்டுப்படகில் போகிறவரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. வடகடலின் கடற்புல் படுகைகளை இழுவைமடி உழுதுவிடுகிறது, அந்தப் புல்லைத்தான் ஆவுளியா மேய்கிறது. ஆவுளியா என்று நம் ஆட்கள் சொல்லும் கடல்பசு மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய பிராணி, வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும். பல வருஷத்துக்கு ஒருமுறைதான் ஒரு குட்டி போடும், அதனால் ஒன்று செத்தாலும் பெரிய இழப்பு. இப்போது வலையில் சிக்கியதை வெட்டாமல் வலையை அறுத்துவிட்டு உயிரோடு விடுகிற மீனவர்கள் இருக்கிறார்கள். வலைக்கு ஆகும் செலவு தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. அது நிலைக்கப்போவது இந்த மீனவர்களின் கையில்தான். அவர்களைப் பற்றி எழுதுங்கள், அவர்கள் படிக்கிற மாதிரி எழுதுங்கள்.

எழுதுவதால் கெடுதல் வருமா?

வரும், கவனமாக இருக்க வேண்டும். ஆமை முட்டையிட்ட இடம், அரிய பறவை கூடு கட்டிய மரம், இவற்றின் சரியான இடத்தை ஊர் அடையாளத்தோடு எழுதாதீர்கள், படத்தில் இருப்பிடத் தகவலையும் எடுத்துவிடுங்கள். தனுஷ்கோடிக்குச் சாலை போட்ட பிறகு வருகிற கூட்டம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் விட்டு அலசி அலசித் தின்பது. படம் எடுக்கக் கிட்டே போய்க் கிளப்பிவிட்டால் அந்தத் தீனி நேரம் வீணாகும். 'நீங்களும் போய்ப் பாருங்கள்' என்று எழுதினால், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். இன்னொன்று, தீவுகளில் அனுமதி இல்லாமல் இறங்குவது குற்றம். எழுதுவதற்காக என்றாலும் குற்றம்தான்.

எழுதியது படிப்பதோடு நின்றுவிடாமல் பாதுகாப்பாக மாற என்ன செய்ய வேண்டும்?

எழுத்தை முடிவெடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்ற ஒன்றைத் தயாரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேடு இருக்கிறதா, இருந்தால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் கண்மாயில் எந்த மாதம் என்ன பறவை வருகிறது, உங்கள் கரையில் எந்த மீன் குறைந்துபோனது என்று நீங்கள் எழுதி வைத்த குறிப்பு அங்கே ஏறட்டும். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் உங்கள் கட்டுரையை வாசிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பெரிய திட்டம் ஒன்று வந்தால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். 'இங்கே ஒன்றும் இல்லை, தரிசு' என்று திட்ட அறிக்கை சொல்லும்போது, தேதி போட்டு நீங்கள் எழுதிய பதிவு கையில் இருந்தால் அதை எழுத்து மூலம் கொடுக்கலாம்.

பறவை எண்ணிக்கையும் அப்படித்தான் பயன்படுகிறது. தனுஷ்கோடிக்கு வரும் பூநாரைகளையும் மற்ற நீர்ப்பறவைகளையும் ஆர்வலர்களும் வனத்துறையும் வருஷக்கணக்காகப் பதிவு செய்து வந்தார்கள். 2025 ஜூனில் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது.

தமிழில் எழுதினால் யார் கவனிப்பார்கள்?

நம் கரையில் முடிவெடுக்கும் ஊராட்சித் தலைவர், மீனவர் சங்கம், ஜமாத், ஊர்க் கூட்டம், பள்ளி ஆசிரியர் எல்லோரும் தமிழில் படிக்கிறவர்கள். முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். வெளியே போக வேண்டியது இருந்தால் மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

பள்ளிப் பிள்ளைகளை எழுத வைக்க முடியுமா?

முடியும், ஆனால் போட்டிக் கட்டுரையாக வேண்டாம். நற்றிணையில் ஒரு பாட்டு, புன்னை மரத்தைத் தலைவிக்குத் தங்கை என்று அம்மா சொன்னதாகத் தோழி சொல்வாள், சின்ன வயதில் விளையாட்டாகப் புதைத்த விதை முளைத்து, பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த மரம் அது. அந்தப் பாட்டைச் சொல்லிவிட்டு, 'உன் வீட்டுப் பக்கம் அப்படி எந்த மரம் இருக்கிறது, யார் வைத்தது, போய்க் கேட்டுட்டு வா' என்று அனுப்புங்கள். மறுநாள் பிள்ளைகள் கொண்டுவருவது உண்மையான எழுத்தாக இருக்கும்.

எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் எதற்கு?

எட்கர் தர்ஸ்டன் என்ற சென்னை அருங்காட்சியக அதிகாரி மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடல் உயிர்களையும் பற்றிய குறிப்புகளை 1890இல் வெளியிட்டார். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடலில் என்ன இருந்தது என்று தேடுகிறவர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். எது குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால் முன்னால் எவ்வளவு இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். நீங்கள் இன்று எழுதும் குறிப்பு 2060இல் யாருக்காவது அப்படி உதவும். அதனால் தேதி, இடம், காற்று எந்தப் பக்கம், யார் சொன்னார் எல்லாம் போடுங்கள். கேள்விப்பட்டதை 'கேள்விப்பட்டது' என்றே எழுதுங்கள், கண்ணால் பார்த்ததோடு கலக்காதீர்கள்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

வடகிழக்கு மழை பிடித்ததும் தொடங்கினால் வசதி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கண்மாய்களிலும் தனுஷ்கோடியிலும் பறவைகள். ஜனவரி முதல் மார்ச் வரை சித்தாமை முட்டையிடக் கரையேறும், வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கும், குஞ்சுகளைக் கடலில் விடும்போது அனுமதி வாங்கிப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வலை பின்னுகிறவர்களோடு உட்கார்ந்து பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது, கடல் சூடேறிப் பவளம் வெளுப்பதும் அந்த மாதங்களில்தான், 2016இலும் 2024இலும் அப்படி வெளுத்தது. ஜூனுக்குப் பிறகு தென்கடல் கொந்தளிக்கும், அப்போது வடகடல் பக்கம் தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை கரையோரமாக நடந்து, ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லையும் அதில் சிக்கியிருக்கும் அறுந்த வலைத் துண்டுகளையும் எழுதலாம்.